மின்சார மீட்டரும் வீட்டு அந்தரங்கமும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில், வெட்டப்பட்ட குடவோலைச் சாசனங்களை நமது நேயர்கள் அறிவார்கள். வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்பது அங்குள்ள விதி. பொதுக் காரியத்தை ஏற்றவன் ஊருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். அதே ஊரார் இன்று தங்கள் வீட்டுக் கணக்கைப் பிறர் கையில் ஒப்படைக்கப் போகிறார்கள். வாங்குகிறவர் என்ன கணக்குச் சொல்லப் போகிறார் என்பதுதான் தெரியவில்லை.

ஸ்மார்ட் மீட்டர்களைக் குறித்தே இதை எழுதுகிறோம். மத்திய சர்க்கார் 2021-ல் அங்கீகரித்த மின் விநியோகச் சீரமைப்புத் திட்டம், விவசாய இணைப்புகள் நீங்கலாக, நாடெங்கும் 25 கோடி மீட்டர்களை மாற்றக் கருதியது. 2023-ல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி இவற்றைத் தினம் ஒரு தடவையாவது தூரத்திலிருந்தே வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான டெண்டர் ஒன்று 2024 டிசம்பரில் ரத்தாயிற்று. கேட்ட விலை அதிகம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மீட்டர் அனுப்பும் தகவல் யாருக்குப் பாத்தியம் என்ற கேள்வி விலைக் கணக்கில் மறைந்து போயிற்று.

இதனால் வரும் சௌகரியத்தை நாம் மறுக்கவில்லை. கணக்கெடுப்பவர் வரும் நாளில் வீடு பூட்டிக் கிடந்ததால் நேரும் தொல்லை ஒழியும். மின்தடை அதிகாரிகளுக்கு உடனே தெரியும். தாய் தந்தையரைக் கிராமத்தில் விட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ உத்தியோகம் பார்க்கும் பிள்ளை, கதவில் உணர்கருவியும் கூடத்தில் காமிராவும் வைப்பதையும் குறை கூற மாட்டோம். ஆனால் காமிராவை வேண்டாமென்றால் அணைத்து விடலாம். மீட்டரைக் கழற்றி வைக்க எந்தக் கிரகஸ்தருக்கு அதிகாரமுண்டு?

இரண்டு மாதத்திற்கு ஓர் எண் கொடுத்து வந்த வீடு, அரை மணிக்கு ஒரு தரம் அளந்தால், அதே காலத்தில் 2,880 எண்கள் கொடுக்கும். வீட்டார் எழுவது எப்போது, உறங்குவது எப்போது, எந்த வாரம் வீடு ஆளின்றிக் கிடந்தது, நள்ளிரவில் விளக்கெரிந்த நாட்கள் எவை என்பதையெல்லாம் அவற்றிலிருந்து ஊகிக்கலாம். திருடனுக்கும் இது பயன்படும். அரசியல் ஊழியரைக் கண்காணிப்பவருக்கு அதைவிட நன்றாகப் பயன்படும்.

பிற தேசத்தார் இதை அற்பமாக எண்ணவில்லை. ஹாலந்து மேல்சபை 2009-ல் இத்தகைய மீட்டரைக் கட்டாயமாக்க மறுத்து விட்டது. அமெரிக்காவில் நேப்பர்வில் நகரத்து வழக்கில் அப்பீல் கோர்ட்டு 2018-ல், கால் மணிக்கு ஒரு தரம் எடுக்கும் கணக்கு வீட்டைச் சோதனையிடுவதாகும் என்று தீர்ப்பளித்தது. மின்சார நிர்வாகத்திற்காக எடுப்பதால் அது நியாயமானதே என்றும், போலீசார் எளிதில் பெறும்படி இருந்தால் முடிவு மாறக்கூடும் என்றும் அதே தீர்ப்புக் கூறிற்று.

நிற்க. நமது சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ல் ஒருமுகமாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர். ஆறு வருஷங்களுக்குப் பின் வந்த 2023-ம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, தேசப் பாதுகாப்பு, பொது அமைதி முதலியவற்றைக் கூறித் தன் ஸ்தாபனங்களுக்கு விலக்களிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு மேலும் பதினெட்டு மாத அவகாசம். மீட்டர் பொருத்துவதில் இத்தனை பொறுமையைக் காணோம்.

நேரத்துக்கேற்ற கட்டணம் விதிக்க நுணுக்கமான கணக்கு வேண்டுமென்று அதிகாரிகள் சொல்வார்கள். நாளை மூன்று பொழுதாகப் பிரித்தால் தினம் மூன்று கூட்டுத்தொகை போதும். மற்றது மீட்டருக்குள்ளேயே இருக்கட்டும். மாஜிஸ்திரேட் உத்தரவின்றிப் போலீசாருக்குத் தரலாகாது. காண்டிராக்டர் வேறு காரியத்திற்கு உபயோகிக்கலாகாது. எது எடுக்கப்படுகிறது, எத்தனை நாள் வைக்கப்படுகிறது என்று தமிழில் அச்சிட்ட சீட்டை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். இவை டெண்டர் ஷரத்துகளில் ஏறினாலொழியக் கம்பெனியைக் கட்டுப்படுத்தா. உத்திரமேரூர் ஒன்றியத்து ஊராட்சிகள் அடுத்த கிராம சபையில் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி மின் பகிர்மானக் கழகத்துக்கு அனுப்புமாறு அவ்வூர்களின் ஊழியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.