இரைச்சலைத் தேடுவோம்



எமது நோட்டன் பிரிட்ஜ் கணினி வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். 1983 வன்செயலில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம். 2009 போரில் மகனைத் தொலைத்துத் திரும்பியவர். மகனைத் தேடும் கடிதத்தைத் தன் கையாலேயே தட்டச்சு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

கடந்த மாதம் பழைய கணினியொன்று போட்டதும் உறுமியது. அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். “கிபிர் வாற மாதிரி இருக்கு, மிஸ்.” ‘பழகிவிடும்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பின்புறம் காது கொடுத்துக் கேட்டோம். சத்தம் பவர் சப்ளையிலிருந்து வந்தது. 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினிக்கேற்ற 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றும் பெட்டி அது. அதன் விசிறி தேய்ந்தாலோ தூசு அடைந்தாலோ இப்படி இரையும். அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். ப்ளக்கைக் கழற்றிய பின்பும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்; உயிருக்கே ஆபத்து. பெட்டியோடு மாற்றுவதே நல்லது.

விமலசுரேந்திர மின்நிலையம் 1965 முதல் இருக்கும் ஊர் இது. ஆனாலும் கரண்ட் வேலை என்றால் ‘ஆம்பிளையைக் கூப்பிடுங்க’ என்பதே வழக்கம். நாங்கள் கூப்பிடவில்லை. ஹட்டனில் அதே அளவில், வோட்ஸ் குறையாத ஒன்றை வாங்கினோம். அக்காவே ப்ளக்கைக் கழற்றினார். எந்த வயர் எங்கே என்று கொப்பியில் வரைந்தார். பின்புறத்து நான்கு திருகாணிகளைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். வயர்களை ஒவ்வொன்றாக இறுக்கமாகச் செருகினார்.

போட்டதும் மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும். அக்கா அமர்ந்து மகனின் பெயரைத் தட்டினார்.

பயப்படும் பெண்ணிடம் ‘பழகிக்கொள்’ என்பது எளிது. சத்தம் எங்கிருந்து வருகிறதென்று அவரோடு சேர்ந்து தேடுவோமே.