கலோரிக் கணக்கும் வர்க்கக் கணக்கும்

2025 பிப்ரவரி 23 அன்று ஒலிபரப்பான ‘மனதின் குரல்’ உரையில் பிரதமர் மோடி உடல் பருமனைக் குறித்து நாட்டு மக்களுக்கு அறிவுரை வழங்கினார். ஒவ்வொரு குடும்பமும் சமையல் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். மறுநாள், இந்த இயக்கத்தைப் பரப்புவதற்காகத் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா, இன்ஃபோசிஸ் நந்தன் நிலேகனி, நடிகர்கள் மோகன்லால், மாதவன் உள்ளிட்ட பத்துப் பேரின் பெயர்களை முன்மொழிந்தார். அந்தப் பத்துப் பேரில் ஓர் அங்கன்வாடி ஊழியர் இல்லை. ஒரு தொழிற்சங்கத் தலைவர் இல்லை. ஒரு விவசாயி இல்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கிய ‘ஃபிட் இந்தியா’ இயக்கத்தின் சாரமும் இதுவே: குறைவாக உண்ணுங்கள், அதிகமாக நடங்கள், எடை கூடினால் குற்றம் உங்களுடையது.

இந்த அறிவுரையில் உண்மை எவ்வளவு, ஏய்ப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நமது கடமை.

கணக்கு சொல்வது என்ன?

உண்ணும் ஆற்றலுக்கும் செலவிடும் ஆற்றலுக்கும் இடையிலான வேறுபாடே உடலில் கொழுப்பாகச் சேர்கிறது அல்லது கரைகிறது. இது இயற்பியல், இதை மறுக்கும் தேவை நமக்கில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரியும் பெண்ணுக்கு 1,660 கலோரியும் வேண்டும். கடும் உடலுழைப்பு செய்யும் ஆணுக்கு 3,470, பெண்ணுக்கு 2,720. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. வாரத்திற்கு அரைக் கிலோ குறைய வேண்டுமானால் நாள்தோறும் ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது கலோரி பற்றாக்குறை வேண்டும்.

இனி மறுபக்கம். அறுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது ஏறத்தாழ 130 முதல் 150 கலோரி. 300 மில்லிலிட்டர் கோலா ஒன்றில் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை. அதுவும் ஏறத்தாழ 130 கலோரி. அரை மணி நேர வியர்வையை ஐந்து நிமிடத்தில் ஒரு புட்டி அழித்துவிடுகிறது. ஐம்பது கிராம் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றில் 270 கலோரி அளவுக்கு உண்டு. அதற்கு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும்.

அதுமட்டுமன்று. உடல் ஒரு மண்ணெண்ணெய் விளக்கைப் போல எரிவதில்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்ஸா மக்களின் ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டனர். உடல் அளவைக் கணக்கில் கொண்டால், நாள் முழுதும் நடக்கும் அம்மக்களின் மொத்தச் செலவு அமெரிக்க அலுவலக ஊழியரின் செலவிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. உழைப்பு கூடும்போது உடல் வேறு பணிகளில் சிக்கனம் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்களது விளக்கம்.

உடற்பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், தசை, உறக்கம் அனைத்துக்கும் அது இன்றியமையாதது. குறைந்த எடையைத் தக்கவைக்கவும் உதவுகிறது. ஆனால் எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு உணவுக்கே. எனவே உணவைப் பற்றிப் பேசாமல் நடையைப் பற்றி மட்டும் பேசுகிறவர் யாராயினும், அவர் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்டாக வேண்டும்.

‘சமநிலை’ யாருடைய சொல்?

இக்கேள்விக்கு விடை 2015 ஆகஸ்டில் கிடைத்தது. அமெரிக்காவில் ‘உலக ஆற்றல் சமநிலை வலையமைப்பு’ என்ற பெயரில் அறிவியலாளர் அமைப்பு ஒன்று இயங்கியது. மக்கள் உணவைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள், உடலுழைப்புக் குறைவே பருமனுக்கு முதன்மைக் காரணம் என்பது அதன் பரப்புரை. அந்த அமைப்பைத் தொடங்குவதற்கு 15 இலட்சம் டாலர் கொடுத்தது கோகோ கோலா என்பதை நியூயார்க் டைம்ஸ் ஏடு வெளிப்படுத்தியது. கொலராடோ பல்கலைக்கழகம் வாங்கிய பத்து இலட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது. ஆண்டு முடிவதற்குள் அமைப்பே கலைந்தது.

இது தனி நிகழ்வும் அன்று. கோகோ கோலாவின் துணைத்தலைவராக இருந்த அலெக்ஸ் மலாஸ்பினா 1978இல் ஒரு பன்னாட்டு உயிர் அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். சீனத்தின் பருமன் தடுப்புக் கொள்கை உணவிலிருந்து விலகி உடற்பயிற்சியின் பக்கம் சாய்ந்ததில் அந்நிறுவனத்தின் சீனக் கிளை ஆற்றிய பங்கை ஹார்வர்டு ஆய்வாளர் சூசன் கிரீன்ஹால் 2019இல் சான்றுகளுடன் வெளியிட்டார்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் சொற்களின் சூழ்ச்சியை நான் நாள்தோறும் காண்கிறேன். ‘சமநிலை’ என்பது நடுநிலையான சொல்லாகத் தோன்றுகிறது; தராசின் ஒரு தட்டில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் விற்பனைத் துறை அமர்ந்திருப்பதை அது மறைக்கிறது. ‘வாழ்க்கைமுறை நோய்’ என்பதும் அத்தகையதே. பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி அதைச் செய்பவர் விரும்பித் தேர்ந்த வாழ்க்கைமுறையா? வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் அளவறிந்து உண்ணச் சொன்னார். அளவைப் பொட்டலத்தின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சிட்டு விற்கும் நிறுவனம் அவர் காலத்தில் இல்லை.

புத்தூரைச் சுற்றி

எங்கோ அமெரிக்காவில் நடந்ததென்று இதை ஒதுக்க முடியாது. புத்தூரைச் சுற்றியுள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்களையே எடுத்துக்கொள்வோம். நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கும் தோத்தாபுரி மாம்பழத்தின் தாயகம் இது. கோகோ கோலா 2011இல் ‘உன்னதி’ திட்டத்தைச் சித்தூரில்தான் தொடங்கியது. அதன் ‘மாசா’ பானத்துக்குக் கூழ் தேவை. பெப்சி நிறுவனம் 2015 ஏப்ரலில் ஸ்ரீசிட்டியில் பெரும் பான ஆலையைத் திறந்தது. மறு ஆண்டு அதே ஸ்ரீசிட்டியில் கேட்பரி சாக்லேட்டின் உரிமையாளரான மாண்டலீஸ் தன் ஆலையைத் திறந்தது.

விளைவித்தவனுக்குக் கிடைத்தது என்ன? 2025 பருவத்தில் தோத்தாபுரி விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு எட்டு ரூபாய் தர வேண்டும், அரசு நான்கு ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த எட்டு ரூபாயையும் ஆலைகள் முழுமையாகத் தரவில்லை என்று விவசாயிகள் குமுறினர். கிலோ எட்டு ரூபாய்க்கும் விலைபோகாத பழம் கூழாகி, தண்ணீரும் சர்க்கரையும் கலந்து, அதே ஊர்ப் பெட்டிக்கடையில் குளிர்ந்த புட்டியில் தொங்குகிறது. விவசாயியின் இழப்பும் அவன் பிள்ளையின் பருமனும் ஒரே ஆலையின் இரண்டு விளைபொருள்கள்.

புத்தூர், நகரி வட்டாரத்தின் விசைத்தறித் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் நின்று கண்விழிப்பவரைத் தாங்குவது தேநீர். ஒரு தேநீருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 40 கலோரி. ஆறு தேநீருக்கு 240. உடன் பாமாயிலில் பொரித்த போண்டா. வீட்டில் தீட்டிய அரிசிச் சோறு. பருப்பு விலை எட்டாதபோது குழம்பு நீர்க்கிறது. உறக்கம் குறைந்தால் பசி மிகும் என்பது மருத்துவம் நிறுவிய உண்மை. நாள் முழுதும் உழைத்தும் இடுப்பு பெருத்து, சர்க்கரை நோயும் சேர்ந்தால், ‘நடைப்பயிற்சி செய்யவில்லையா?’ என்று அவரைக் கேட்பது கொடுமை.

சொல்வதொன்று, செய்வதொன்று

இதே ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடு அரசு 2025இல் தொழிற்சாலைகளின் நாள் வேலை வரம்பை ஒன்பதிலிருந்து பத்து மணி நேரமாக்கியது. கூடுதல் வேலைக்கான உச்சவரம்பை காலாண்டுக்கு 75 மணியிலிருந்து 144 மணியாக்கியது. நடப்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்பவர்களே நாளின் ஒரு மணி நேரத்தைப் பறிக்கிறார்கள்.

எண்ணெயைக் குறைக்கச் சொன்ன ஒன்றிய அரசு, மூன்று மாதம் கழித்து, 2025 மே இறுதியில், கச்சாப் பாமாயில் உள்ளிட்ட எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைத்தது. விலைவாசியைக் காரணம் காட்டினர். இராயலசீமையின் நிலக்கடலை விவசாயிக்கு நியாய விலையும் மக்களுக்குக் கடலை எண்ணெயும் தரும் வழியை அவர்கள் நாடவில்லை. செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், நூடுல்ஸ், பொட்டல மிக்சர் ஆகியவற்றின் ஜிஎஸ்டி ஐந்து விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், இதே அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை மிகைப் பதப்படுத்திய உணவுகளுக்குக் கூடுதல் வரி வேண்டும் என்று எழுதியிருந்தது!

அவ்வுணவுகள் செய்வதென்ன என்பதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இருபது பேருக்கு இரண்டு வாரம் மிகைப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் இயல்பான உணவும் தரப்பட்டன. சத்துகள் சமமாக வைக்கப்பட்டன. விரும்பிய அளவு உண்ணலாம் என்றபோது, முதல் வகையில் அவர்கள் நாளொன்றுக்கு 500 கலோரி மிகுதியாக உண்டு, ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினர். மனவுறுதி மாறவில்லை, தட்டு மாறியது.

சிலி நாடு 2016இலேயே இத்தகைய பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எச்சரிக்கைச் சின்னத்தைக் கட்டாயமாக்கியது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் முன்வைத்ததோ எச்சரிக்கைக்கு மாறாக நட்சத்திர மதிப்பீடு! 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மூன்று மாத கெடு விதித்தது. ஜூலையில் மேலும் மூன்று மாதம் கேட்டு வாங்கினர். இதனிடையே 2025 மார்ச்சில் எடை குறைக்கும் மௌஞ்சாரோ ஊசி இந்தியச் சந்தைக்கு வந்தது. வாரம் ஒரு குப்பி, தொடக்க விலை 3,500 ரூபாய். நோயையும் சந்தை விற்கிறது, மருந்தையும் சந்தை விற்கிறது.

இன்னொரு கணக்கையும் மறக்கக் கூடாது. 1979இல் வறுமைக்கோட்டுக்கு ஊரகத்தில் 2,400, நகரத்தில் 2,100 கலோரி என்ற அளவு வகுக்கப்பட்டது. உண்மையில் அந்த அளவு கிட்டாதோர் தொகை அரசு காட்டிய ஏழைகளின் தொகையைவிடப் பன்மடங்கு என்பதைப் பொருளியல் அறிஞர் உத்சா பட்நாயக் தொடர்ந்து எடுத்துக்காட்டினார். 2009இல் டெண்டுல்கர் குழு கலோரி அளவுகோலையே கைவிட்டது. ஏழைக்குக் கிட்டாத கலோரியை எண்ணுவதை நிறுத்திய ஆளும் வர்க்கம், அவன் உண்ணும் கலோரியை எண்ணச் சொல்கிறது.

நமது அணிகளுக்கு

‘பருமன் பணக்காரர் நோய், பசியே நமது பிரச்சினை’ என்று கருதும் தோழர்கள் உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) இக்கருத்தைத் தகர்க்கிறது. மிகை எடையுள்ள பெண்கள் தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு, ஆந்திரத்தில் 36.3. அதே ஆந்திரத்தில் பெண்களில் 58.8 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 31 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள். பருமனும் இரத்தசோகையும் ஒரே தெருவில், சில வேளை ஒரே உடலில் குடியிருக்கின்றன. இரண்டும் மலிந்த மாவுச்சத்தின், அரிய புரதத்தின் விளைவு. பசிக்கு எதிரான போராட்டமும் பருமனுக்கு எதிரான போராட்டமும் நல்ல உணவுக்கான ஒரே போராட்டம்.

தோழர்கள் தம் உடலைப் பேணுவதும் இயக்கத்தின் சொத்தைப் பேணுவதே. தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். சோற்றைக் குறைத்துப் பருப்பு, கடலை, கீரை, முட்டையைக் கூட்டுங்கள். கேழ்வரகுக் களியை மீட்டெடுங்கள். கூட்டங்களில் புட்டிப் பானத்தையும் பிஸ்கட்டையும் நிறுத்தி மோரும் சுண்டலும் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் கூறும் வாரம் 150 நிமிட நடையை எடைக்காக அல்ல, இதயத்துக்காக மேற்கொள்ளுங்கள்.

ஆனால் தனிமனிதன் விலகி நடக்க முடிந்த தூரம் சிறிது. நியாய விலைக் கடையில் கேழ்வரகு, பருப்பு, கடலை எண்ணெய். பொட்டல முகப்பில் நட்சத்திரமல்ல, எச்சரிக்கை. பள்ளி வாயிலில் குப்பை உணவு விற்பனைக்கும் குழந்தைகளை நோக்கிய விளம்பரத்துக்கும் தடை. மாம்பழத்துக்குச் சட்டப்பூர்வ விலை. எட்டு மணி நேர வேலை. இவை நமது கோரிக்கைகளாக வேண்டும். 2023இல் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுத்த மசோதாவை மே நாளன்று திரும்பப் பெறவைத்தது தொழிலாளர் ஒற்றுமையே. அந்த வெற்றி உடல்நலத்துக்கான வெற்றியும் ஆகும். நகரியிலும் புத்தூரிலும் தறிக்கூட வாயிற்கூட்டங்களில் கூலியையும் போனசையும் பேசும்போது, தொழிலாளியின் தட்டையும் உறக்கத்தையும் சேர்த்துப் பேசுவோம்.