“எங்க நாய் கடிக்காதுங்க”: கேரவன்ல நாயோட டூர் போறவங்களுக்கு ஒரு த்ரெட்

1/ போன ஞாயிறு காலை. ஊரூர் ஒல்காட் குப்பத்துல இருந்து ஒரு அம்மா, எட்டு வயசுப் பையனைத் தூக்கிக்கிட்டு கிளினிக்குக்கு ஓடி வந்தாங்க. கெண்டைக்காலில் நாய்க்கடி, ரத்தம். “தெருநாயா?”ன்னு கேட்டேன். “இல்ல சார், வண்டியில வந்தவங்க நாய். கரையில அவுத்து விட்டிருந்தாங்க.”

2/ வண்டின்னா கேரவன். முன்னாடி கேரவன்னா நமக்கு சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். இப்ப படுக்கை, அடுப்பு, ஏ.சி எல்லாம் வச்சு வாடகைக்கே கிடைக்குது. குடும்பத்தோட நாயையும் கூட்டிட்டுப் போறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா பையன் அழுது முடிக்கிறதுக்குள்ள அந்த வண்டி கிளம்பிடுச்சு. சொல்லிட்டுப் போனது ஒரே வரி: “எங்க நாய் கடிக்காதுங்க.”

3/ கடிச்சிருக்கு. தோல் கிழிந்து ரத்தம் வந்தால் அது மூன்றாம் வகைக் காயம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவணும். காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போடணும். பிறகு தடுப்பூசி: 0, 3, 7, 28-ஆம் நாட்கள். தசையில் போடும் முறையென்றால் 14-ஆம் நாளும் உண்டு. ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழி கிட்டத்தட்ட இல்லை. அதனால் “பார்த்துக்கலாம்” என்ற பேச்சே கிடையாது.

4/ கடித்த நாய் கண் முன்னாடி இருந்தால் 10 நாள் கவனிக்கலாம். அது நலமாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்துவது பற்றி டாக்டர் முடிவெடுக்கலாம். கேரவன்ல போன நாயை எங்க போய் கவனிக்கிறது? புதுச்சேரியிலயா, கொடைக்கானல்லயா? அந்த அம்மா மீன் விக்கிறவங்க. ஒவ்வொரு ஊசிக்கும் அவங்க வியாபாரம் போகுது.

5/ “கட்டி வச்சா பாவம் டாக்டர்.” கட்டலைன்னா என்ன ஆகும்? புது ஊர், புது வாடை, படகு, வலை, அந்தக் கரையிலேயே வளர்ந்த நாய்க் கூட்டம். உங்க நாய் மிரளும். மிரண்ட நாய் ஒண்ணு கடிக்கும், இல்ல ஓடும். ஓடினா திரும்பி வர வழி தெரியாது. அதோட வீடே நாலு சக்கரத்துல நிக்குது!

6/ சரி, உள்ளே பூட்டிட்டுப் போறவங்களுக்கு. வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்கு மேலேகூட ஏறலாம். அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிடும். ஜன்னலை ரெண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. கேரவனும் தகரப் பெட்டிதான். ஏ.சி ஓடுதுன்னு நம்பிப் போனா, ஜெனரேட்டர் நின்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?

7/ நாய்க்கு நம்மை மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சென்னைக் கடற்கரை ஈரக்காற்றில் அதுவும் சரியா வேலை செய்யாது. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தள்ளாடினா, வாந்தி எடுத்தா, மயங்கினா முதல்ல நிழலுக்குக் கொண்டு போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்க. பிறகுதான் வேப்பேரிக்கு வண்டி எடுக்கணும். டிராஃபிக்ல சூடு குறையாது.

8/ ஓடும் வண்டியிலும் கட்டணும். 50 கி.மீ. வேகத்தில் போற வண்டி மோதி நின்றால், கட்டாத நாய்க்கு அது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். முன் சீட்டில் இருக்கிற உங்க குழந்தை மேலதான் அது வந்து மோதும். கழுத்துப் பட்டையில் கட்டாதீங்க. மார்புப் பட்டை போட்டு பெல்ட்டோடு இணைங்க, இல்ல கூண்டுல வச்சு, கூண்டு நகராம கட்டுங்க.

9/ “தெருநாயைப் பத்திப் பேசுங்க டாக்டர்”னு கமெண்ட் வரும். பேசுவோம். ஆனா தெருநாய்க்கு ஓனர் இல்லை. உங்க நாய்க்கு நீங்க இருக்கீங்க. “எங்க வீட்டுப் பிள்ளை”ன்னு ஸ்டேட்டஸ் போடுறீங்களே, எந்தப் பிள்ளையைப் பூட்டின வண்டியில விட்டுட்டு சுண்டல் வாங்கப் போவீங்க?

10/ கிளம்பும் முன்: ரேபிஸ் ஊசி போட்ட அட்டை, போன் நம்பர் எழுதிய பட்டை, தண்ணீர்க் கிண்ணம், கயிறு. இதில் ஒண்ணு இல்லைன்னாலும் நாயை வீட்டில் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுட்டுப் போங்க. கடிச்சிடுச்சுன்னா ஓடாதீங்க. நம்பரையும் ஊசி அட்டையையும் கொடுங்க.

11/ இன்னைக்கு ஏழாம் நாள், பையனுக்கு மூன்றாவது ஊசி போட்டாச்சு. போட்டு முடிச்சதும் கேட்டான்: “அந்த நாய் நல்லா இருக்கா சார்?”

எனக்கும் அதே கேள்விதான். அந்த வண்டியில் வந்தவங்க இதைப் படிச்சா ஒரு மெசேஜ் போடுங்க. திட்ட மாட்டேன். நாய் நலமான்னு மட்டும் சொல்லுங்க.