சபைக் கணக்கு யாருக்காக?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் எங்கள் சபையின் வருடாந்திரக் கூட்டத்தில் நான் எழுந்து கணக்குக் கேட்டது தப்பு என்று இரண்டு பேர் போனில் வருத்தப்பட்டார்கள். "டீச்சர், நீங்க தனியா கேட்டிருக்கலாமே" என்றார்கள். அதற்குப் பதில்தான் இது.

எங்களுடையது எழுபது குடும்பம் உள்ள சின்னச் சபை. பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். முன்பு இருந்த பொருளாளர் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து வாசிப்பார். முன் இருப்பு இவ்வளவு, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. ஐந்து நிமிஷம்தான். எழுத்து தெரியாத பாட்டிக்கும் புரியும்.

இரண்டு வருஷம் முன்பு லேப்டாப்பும் டேலியும் வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதற்கு நன்கொடையும் கொடுத்தேன். இந்த வருஷம் கையில் கொடுத்த அறிக்கை பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். ஏதோ கடைக்குப் போட்ட கணக்கைப் பார்த்து அப்படியே தலைப்பு வைத்திருக்கிறார்கள். ஞாயிறு காணிக்கை 'சேல்ஸ்' என்ற தலைப்பின் கீழே இருக்கிறது. நாம் எதை விற்றோம்? பந்தல்காரரும் ஜெனரேட்டர்காரரும் 'சண்ட்ரி கிரெடிட்டர்ஸ்' ஆகிவிட்டார்கள். 'சஸ்பென்ஸ்' என்று 23,400 ரூபாய். என்னவென்று கேட்டால், "சிஸ்டம் போட்டது டீச்சர், தப்பு வராது" என்று பதில்.

சிஸ்டம் கூட்டலில்தான் தப்பு விடாது. எந்தப் பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தீர்மானிப்பது மனுஷன். நான் பி.காம். படித்தவள் இல்லை, ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்தைந்து வருஷம் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தவள். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாத பிள்ளைக்கு நான் முழு மார்க் போட்டதில்லை. என்னிடம் படித்தவர்களுக்கு அது தெரியும்!

கூட்டம் முடியும்போது ஒரு அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்டார்கள்: "டீச்சரம்மா, கட்டிட நிதிக்கு என் கம்மலக் குடுத்தேன்லா, அந்தப் பணம் இதுல எங்க இருக்கு?" பதினான்கு பக்கத்தையும் புரட்டினேன். எங்கேயும் இல்லை.

அதனால்தான் எழுந்தேன்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ரசீதுப் புத்தகப்படி கட்டிட நிதிக்கு வந்தது 3,10,000. அஸ்திவாரத்துக்குச் செலவானது 70,000. மிச்சம் 2,40,000 இருக்க வேண்டும். ஆனால் வங்கியும் கையிருப்பும் சேர்த்து, சபையின் மொத்தப் பணமே 1,86,000தான். யாரும் திருடவில்லை, அதை அழுத்திச் சொல்கிறேன். கட்டிடப் பணத்தையும் பொது வருமானத்தோடு சேர்த்து எழுதியதால் அறிக்கையில் 'உபரி' என்று காட்டியது. உபரி இருக்கிறதே என்று அசனத்துக்கும் ஜெனரேட்டருக்கும் தாராளமாகச் செலவு செய்துவிட்டார்கள். 54,000 ரூபாய் கட்டிடப் பணம் சாப்பாட்டுக்கும் டீசலுக்கும் போனது கமிட்டிக்கே தெரியாது.

ஒரு கமிட்டி அங்கத்தினர் எனக்கு வசனம் காட்டினார். யோவாஸ் ராஜா காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வாங்கியவர்களிடம் கணக்குக் கேட்கவில்லையாம், அவர்கள் உண்மையாய் நடந்தார்களாம். 2 இராஜாக்கள் 12-ம் அதிகாரம், 15-ம் வசனம். சரிதான் தம்பி, ஐந்து வசனம் மேலே போய் 10-ஐயும் வாசியுங்கள். பெட்டியில் பணம் சேர்ந்ததும் ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் இரண்டு பேருமாக வந்துதான் எண்ணினார்கள். கணக்கு உலகக் காரியம் என்று பேசுகிறவர்களுக்கும் ஒன்று. இரட்டைப் பதிவுக் கணக்கை 1494-ல் வெனிஸில் அச்சுப் புத்தகத்தில் விளக்கி எழுதிய லூக்கா பசியோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி.

இப்போது வேலைக்கு வருகிறேன். உங்களில் எத்தனையோ பேர் உங்கள் ஊர்ச் சபைகளில் டேலி போடுகிறீர்கள். இந்தக் கோபத்தில் பாதி உங்கள் மேல்தான். கணக்குத் தலைப்புகளைத் தமிழில் வையுங்கள். கட்டிட நிதிக்கு 'கேப்பிடல் அக்கவுண்ட்' குரூப்பின் கீழ் தனி லெட்ஜர் திறந்து, அதற்கு வருவதையும் அதிலிருந்து போவதையும் அதிலேயே எழுதுங்கள். திறந்து பார்த்தால் மிச்சம் தெரியும். மிஷனரி காணிக்கைக்கும் ஏழைகள் நிதிக்கும் அப்படியே. 'ரிசீட்ஸ் அண்ட் பேமெண்ட்ஸ்' என்றே டேலியில் ஒரு அறிக்கை இருக்கிறது, நம் பழைய நோட்டுக் கணக்குதான் அது. அதை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, அடியில் ஒவ்வொரு நிதியிலும் மிச்சம் எவ்வளவு, வங்கி பாஸ்புக்கில் எவ்வளவு என்று எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பதினான்கு பக்கம் ஆடிட்டருக்குப் போகட்டும். கோயம்புத்தூரில் கணக்காளராக இருக்கும் என் மாணவன் ஒருவன் போனிலேயே சொல்லிக் கொடுக்க, தலைப்புகளை மாற்ற எங்களுக்கு ஒரு சாயங்காலம்தான் ஆனது.

54,000-ஐ எப்படித் திருப்பி வைப்பது என்று அடுத்த கமிட்டி முடிவு செய்ய வேண்டும். ஒரு பக்க அறிக்கையை இந்த மாதக் கடைசி ஞாயிறு வாசிப்பதாகப் போதகர் ஐயா ஒத்துக்கொண்டிருக்கிறார். கம்மல் கொடுத்த அக்காவையும் கூட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்காரப் போகிறேன்.