குழாயைக் காப்பதும் கூட்டுறவே

கிராமத்து இல்லங்களுக்குக் குழாய்வழிக் குடிநீர் வழங்கும் ஜல் ஜீவன் திட்டம் 2019ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்றது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அத்திட்டம் வகுத்த அளவு. குடம் சுமந்து நெடுந்தொலைவு நடந்த தாய்மார்களின் துன்பம் பல ஊர்களில் குறைந்துள்ளது. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும், வீட்டுக்குள் வந்த குழாயைப் பேணுவது எவர் கடமை என்பதை அங்கத்தினர்கள் சிந்தித்தல் வேண்டும்.

அச்சையும் விழுதையும் சரிபார்த்த பின்னரே நெசவாளர் தறியில் அமர்கிறார். மோட்டாரின் புட்வால்வு கசிந்தால் விவசாயி அன்றே கழற்றிப் பார்க்கிறார். அதே இல்லங்களில் அடுக்களைக் குழாயோ மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கிறது. தறியும் மோட்டாரும் வருவாய் தருபவை. குழாய் செலவை மட்டுமே தருவது என்று எண்ணிவிட்டோம்.

அந்தச் செலவைச் சற்றுக் கணக்கிடுவோம். நொடிக்கு ஒரு துளி வீதம் ஒரு நாளில் 86,400 துளிகள் விழும். ஏறத்தாழ 20 துளிகள் ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல். மாதத்திற்கு 130 லிட்டர். இருவரின் ஒரு நாள் பங்கிற்கும் அதிகமான நீர், தேய்ந்துபோன ஒரு சிறு வாஷரால் வீணாகிறது.

நீரிழப்பினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. நம் ஊர்களில் நாள் முழுவதும் குழாயில் நீர் வருவதில்லை. நீர் நின்று அழுத்தம் குறைந்ததும், கசிவுள்ள இடத்தின் வழியே சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே புகும். குடிநீர்க் குழாயில் நேரே மோட்டார் பொருத்தி உறிஞ்சுவோர் இத்தீங்கை இன்னும் பெருக்குகின்றனர். ஒரு வீட்டாரின் செயலால் தெரு முழுவதும் வயிற்றுப்போக்கால் வருந்த நேரிடும். சுவருக்குள் கசியும் நீர் குழித்தறியின் பள்ளத்தை ஈரமாக்கும். அச்சு துருப்பிடித்தால் பாவில் கறை படியும். மூடியில்லாத தொட்டியிலோ டெங்குவைப் பரப்பும் கொசு, முட்டையிலிருந்து பத்து நாட்களுக்குள் வளர்ந்து பறந்துவிடும்.

இவற்றைத் தடுக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சேமிப்புப் பாத்திரங்களை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தல், மேல்நிலைத் தொட்டியை இறுக மூடி ஆண்டுக்கு இருமுறையேனும் துப்புரவு செய்தல், வெயிலில் நொறுங்கும் பி.வி.சி. குழாயை மறைத்து வைத்தல், சொட்டும் குழாய்க்கு உடனே வாஷர் மாற்றுதல் ஆகியவை போதும்.

தடையாக நிற்பது வேறொன்று. சிறு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைப்பவரும் வாஷரின் விலையைவிடப் பன்மடங்கு கூலி கேட்கிறார். தனித்தனியே இதற்கு வழியில்லை. ஆகவே ஒவ்வொரு சங்கமும் குழாய்த் திருகி, வாஷர்கள், டெஃப்லான் நாடா அடங்கிய கருவிப் பெட்டி ஒன்றை வாங்கி வைக்கலாம். அங்கத்தினர் குடும்பத்து இளைஞர், இளம்பெண் இருவருக்குப் பயிற்சி அளித்து, நியாயமான கூலியை நிர்ணயிக்கலாம்.

இது சங்கத்தின் வேலையா என்று சிலர் வினவக்கூடும். 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்காகவே இயற்றப்பட்டது. பின்னர் நூலும் உரமும் நியாயவிலைப் பொருள்களும் கூட்டுறவின் வழியே வந்தன. தேவை எழுந்தபோதெல்லாம் இயக்கம் விரிந்தே வந்திருக்கிறது. தெருக்குழாயைக் காப்பது ஊராட்சியின் பொறுப்பு. வாயிற்படிக்கு உட்பட்டது நம் பொறுப்பு.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகவே கொண்டுவருவோமாக. அதுவரை காத்திராமல், இன்று மாலையே நம் வீட்டுக் குழாய் சொட்டுகிறதா என்று ஒருமுறை பார்ப்போமாக.