பத்தொன்பது பேரும் ஒரு நாற்காலியும்

சட்டமன்றத்தில் நமக்கு எத்தனை பேர்? தேர்தல் முடிந்த அன்று எந்தக் கட்சியின் கிளை மன்றத்திலும் எழுகின்ற முதற் கேள்வி இதுதான். எண்ணிக்கையால் ஆட்சி அமைகிறது. எண்ணிக்கையால் ஆட்சி கவிழ்கிறது. ஆதலால் அக்கேள்வி எழுவதிலே வியப்பில்லை. ஆனால், இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு. அதனைக் கேட்போர் மிகச் சிலரே. உள்ளே சென்றவர்களை வெளியே இருந்து கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

அவ்விரண்டாவது கேள்வியைக் கேளாமல் விட்டதன் விளைவினைக் காட்டும் வரலாற்றுப் பக்கம் ஒன்று, அந்நாளில் தென்னார்க்காடு எனப்பட்ட மாவட்டத்தின் தலைநகராம் கடலூரிலே எழுதப்பட்டது. அதற்கு அடுத்த பக்கம் தில்லையிலே, சிதம்பரத்திலே எழுதப்பட்டது. 1952 முதல் 1957 வரை வாழ்ந்த சென்னைச் சட்டமன்றத்தின் கதையில் இவ்விரு பக்கங்களும் உண்டு. இயக்கத் தோழர்கள் அவற்றை ஊன்றிப் படித்தல் நலம்.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் நடந்த முதற் பொதுத்தேர்தல் அது. கழனியிலே சேற்றோடு சேறாய் நின்றவனும், கடலை கொல்லையில் களை பறித்தவளும், மாளிகைவாசியோடு சமமாக நின்று வாக்களித்த தேர்தல் அது. 309 தொகுதிகள், 375 இடங்கள். ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்திருந்த பெரிய மாகாணம். விடுதலை வாங்கித் தந்தோம் என்று வீறுடன் வந்த காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. ஆட்சி அமைக்க வேண்டியவை 188. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தம் தொகுதியில் தோற்றார். கம்யூனிஸ்டுகள் 62, கட்சி சாராதோர் 62, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியினர் 35. இவர்களுக்கிடையே தென்னார்க்காடு, சேலம் மாவட்டங்களிலே எழுந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19. வடார்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களிலே எழுந்த காமன்வீல் கட்சிக்கு 6.

எதிர்க்கட்சிகள் கூடி ஐக்கிய ஜனநாயக முன்னணி கண்டன. ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் 166 பேர் உள்ளோம் என்று உரிமை கோரின. ஆளுநர் ஸ்ரீ பிரகாசாவோ, தேர்தலில் நில்லாத ஆச்சாரியாரை மேலவை உறுப்பினராக நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரலில் ஆச்சாரியார் முதலமைச்சரானார். மக்களிடம் வாக்குக் கேளாதவர் மக்களை ஆளலாமோ என்று கேட்டு, கம்யூனிஸ்டுத் தலைவர் பி. இராமமூர்த்தி உயர்நீதிமன்றம் சென்றார், வழக்குத் தள்ளுபடியாயிற்று. சூலைத் திங்களில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தபோது ஆட்சிக்கு ஆதரவு 200, எதிர்ப்பு 151.

152 எப்படி 200 ஆயிற்று? மக்கள் மறுமுறை வாக்களித்தார்களா? இல்லை. கட்சி சாராதோர் சிலர் சாய்ந்தனர்; சிறு கட்சிகள் சிலவும் சாய்ந்தன. காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். காங்கிரசை எதிர்த்து வாக்குக் கேட்டவர், காங்கிரசு அமைச்சர் அவையிலே அமர்ந்தார்.

அந்த ஐந்தாண்டில் அம்மன்றம் கண்ட மாறுதல்கள் கொஞ்சமல்ல. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தது. 375 என்பது 231 ஆயிற்று. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அனந்தப்பூர் நாகி ரெட்டியும் அவருடன் பலரும் விடைபெற, அவ்விடத்துக்கு இராமமூர்த்தி வந்தார். அவைத் தலைவர் நாற்காலியில் 1955 வரை அமர்ந்திருந்தவர் சிவசண்முகம் பிள்ளை. தாழ்த்தப்பட்ட குலத்திலே தோன்றி, 1937-இல் சென்னை நகர மேயராகவும் விளங்கியவர். அவருக்குப் பின் மலபாரைச் சேர்ந்த கோபால மேனன் வந்தார். 1956 நவம்பரில் மலபார் கேரளத்தோடு இணைந்தபோது அவரும் நாற்காலியை விட்டார். மன்றம் 190 பேராகச் சுருங்கியது. ஒரே ஆயுட்காலத்தில் இரண்டு முதலமைச்சர்கள், இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்கள், இரண்டு அவைத் தலைவர்கள்! எல்லை மாறியது, எண் மாறியது, தலைமை மாறியது. மாறாது நின்றிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வாக்களித்தவனுக்குக் கொடுத்த வாக்கு.

கடலூருக்கு வருவோம். உழைப்பாளர் கட்சியைக் கண்டவர் எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியார். 1952-இல் அவருக்கு 33 வயது. உழவையே உயிர்ப்பாகக் கொண்ட வன்னியப் பெருங்குடி மக்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தனர். பள்ளியிலும் அலுவலகத்திலும் அவர்களைக் காண்பது அரிதாயிருந்தது. ஏர் எங்களுடையது, ஆணை பிறப்பிக்கும் பேனா மட்டும் எங்களுடையதாகாதோ என்ற நியாயமான கேள்வியே அக்கட்சியைப் பிறப்பித்தது. பணமூட்டையோ பத்திரிகை பலமோ இன்றி, ஊர் ஊராய்ச் சென்று, 19 பேரைச் சட்டமன்றத்துக்கும் 4 பேரை நாடாளுமன்றத்துக்கும் அனுப்பிற்று. அத்தேர்தலில் தான் நில்லாத திராவிட முன்னேற்றக் கழகம், தன் கொள்கை உறுதிமொழியில் கையொப்பமிட்டோருக்கு ஆதரவு திரட்டியது. உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் அவ்வாறு ஆதரவு பெற்றவை.

ஆச்சாரியார் அவையில் படையாட்சியார் சேரவில்லை. 1953-இல் வந்தது புதிய தொடக்கக் கல்வித் திட்டம். நாடு அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்தது. கிராமத்துப் பிள்ளை அரைநாள் பள்ளியில் இருப்பானாம். மீதி அரைநாள் தகப்பன் தொழிலைக் கற்பானாம்! எழுந்த எதிர்ப்பிலே ஆச்சாரியார் ஆட்சி ஆட்டம் கண்டது. 1954-இல் அவர் விலகினார். காங்கிரசுச் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசர் 93 வாக்கும், சி. சுப்பிரமணியம் 41 வாக்கும் பெற்றனர். ஏப்ரல் 13-இல் காமராசர் பதவி ஏற்றார். மேலவை வழியை நாடாமல், குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று மக்களிடம் வாக்குக் கேட்டு மன்றத்துக்கு வந்தார். அவருடைய எண்மர் அவையிலே தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்துக்கும் இடம் தந்தார், மாணிக்கவேலு நாயக்கருக்கும் தந்தார், படையாட்சியாருக்கும் தந்தார். கடலூர் அமைச்சரைப் பெற்றது. உழைப்பாளர் கட்சி கலைந்தது.

இதனைத் துரோகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் போவது எளிது. அவ்வாறு முடிப்பது நேர்மையாகாது. படையாட்சியார் பக்கத்து வாதத்தை அதன் முழு வலிவோடு எடுத்துப் பாருங்கள். எதிர்வரிசையில் அமர்ந்து எத்தனை ஆண்டு முழங்கினாலும் ஒரு கிராமத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் வருமா? ஆட்சியிலே அமர்ந்தால் வரும். காமராசர் அவை ஆச்சாரியார் அவையைப் போன்றதன்று. வந்த அடுத்த திங்களே, 1954 மே மாதத்தில், குலக்கல்வித் திட்டத்தை எடுத்தெறிந்தது. 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கத் தொடங்கியது. உழவன் வீட்டுப் பிள்ளைக்குப் பயன் தந்த அந்த அவையிலே உழவர் தலைவன் ஒருவன் அமர்ந்தது குற்றமா? குற்றமன்று. மந்திரி நாற்காலி உயர்குலத்தார்க்கே உரியது என்றிருந்த நினைப்பைத் தகர்த்ததும் அப்பதவியே. அப்பெருமையை எவரும் பறிக்க முடியாது.

அமைச்சரானது பிழையன்று. அமைச்சரானவருக்காகக் கட்சி கலைந்ததே, அங்கேதான் பிழை தொடங்கிற்று!

கட்சி இருந்திருப்பின், கிளை கூடியிருக்கும். "எங்கள் பிள்ளைகளுக்கு வேலை என்றீரே, எத்தனை பேருக்குக் கிடைத்தது?" என்று கடலூர் மஞ்சக்குப்பத்திலே ஒரு கூட்டம் கேட்டிருக்கும். விருத்தாசலத்துக் கிளை தீர்மானம் போட்டிருக்கும். கேட்ட கேள்விக்கு விடை சொல்ல முடியாத நாளில், அமைச்சர் வெளியே வருவதற்கு ஒரு வீடும் இருந்திருக்கும். கட்சி கலைந்த பின்போ, கேட்பதற்கு ஆளில்லை, திரும்புவதற்கு வீடில்லை. 19 பேர் என்ற படை, பெரியதொரு படைக்குள்ளே 19 தனித்தனி வீரர்களாய்க் கரைந்தது. மூன்றே ஆண்டுகள் சென்றன. 1957-இல் காமராசர் அமைத்த புதிய எண்மர் அவையில் மாணிக்கவேலு நாயக்கர் இருந்தார், படையாட்சியார் இல்லை. கொடுத்த கை எடுத்துக்கொண்டது. ஏன் என்று கேட்க 19 பேர் கொண்ட கட்சி அன்று இல்லை.

அம்மக்கள் எழுப்பிய கேள்வி என்னாயிற்று? அது மண்ணுக்குள் புதைந்த விதைபோல் கிடந்தது. 1987 செப்டம்பரில் அது சட்டமன்றத்திலே எழவில்லை, சாலையிலே எழுந்தது. ஒரு வாரம் நடந்த சாலை மறியலில் 21 உயிர்கள் பலியாயின. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு என்ற ஆணை பிறந்தது. 1952-இல் வாக்குச்சீட்டால் கேட்டதற்கு, இடையே எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் படிப்பிழந்தனர், பணியிழந்தனர்! இன்று படையாட்சியாரின் படம் சட்டமன்றத்திலே விளங்குகிறது. கடலூரிலே மணிமண்டபம் நிற்கிறது. இரண்டும் 2019-இல் அமைந்தவை. தகுதியான மரியாதையே. ஆயினும் மண்டபம் கேள்வி கேட்காது, தோழர்களே! கிளைதான் கேள்வி கேட்கும்.

இனிச் சிதம்பரம். அந்நாளில் அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஓர் இடம் பொது, மற்றோர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு உரியது. அத்தகைய இரட்டைத் தொகுதிகள் அந்த மன்றத்திலே 62 இருந்தன. 1952-இல் சிதம்பரத்திலிருந்து சென்றவர்கள் வாகீசம் பிள்ளையும் சுவாமி சகஜானந்தரும், இருவரும் காங்கிரசுக்காரர். அமைச்சர் பதவி சகஜானந்தரை நாடவில்லை. பேரம் பேசுவதற்கு அவரிடம் 19 பேர் இல்லை. கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு அவரும் உட்பட்டவரே.

ஆனால், அவர் சட்டமன்றத்துக்குச் செல்வதற்கு நெடுநாள் முன்பே, 1916-இல், தில்லையிலே நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கியவர். எந்த ஊரின் எல்லையிலே நந்தன் உள்ளே வரலாகாது என்று நிறுத்தப்பட்டானோ, அந்த ஊரிலே அந்த நந்தன் பெயரால் பள்ளியும் விடுதியும் எழுந்தன. சேரியிலே பிறந்த பிள்ளை அங்கே உண்டான், உறங்கினான், படித்தான். 1957-இல் மீண்டும் வென்று, உறுப்பினராக இருக்கும்போதே 1959-இல் சகஜானந்தர் மறைந்தார். உறுப்பினர் பதவி அன்றோடு முடிந்தது. பள்ளி முடியவில்லை. இரட்டைத் தொகுதி முறையும் 1961-இல் சட்டத்தால் ஒழிந்தது, பள்ளி ஒழியவில்லை. அரசுப் பள்ளியாய் இன்றும் நந்தனார் பெயர் தாங்கி நிற்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கடலூரிலே கூட்டம் பெரிது, வெற்றி பெரிது, பதவி பெரிது. வெளியே நின்ற அமைப்பு கலைந்ததும் யாவும் மூன்றாண்டிலே கரைந்தன. சிதம்பரத்திலே பதவி இல்லை, படை இல்லை. வெளியே நின்ற அமைப்பு கலையவில்லை. ஆதலால் அறுபதாண்டு கடந்தும் பயன் நிற்கிறது. பிறர் தோளில் ஏறி மன்றம் சென்றோர் தோளை மறப்பர் என்ற பாடத்தைக் கற்ற கழகம், 1956 திருச்சி மாநாட்டிலே தானே தேர்தலில் நிற்பது என முடிவெடுத்தது. 1957-இல் 15 பேருடன் உள்ளே சென்றது. கட்சியைக் கலைக்காமல் காத்திருந்தது; 1967-இல் கோட்டையைப் பிடித்தது. பாடம் எல்லாக் கட்சிக்கும் பொது.

இன்று கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 1985-இல் வந்தது. தாவும் தனி ஆளை அது தண்டிக்கும். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் இசைந்து வேறொரு கட்சியோடு இணைந்தால் அச்சட்டம் வாளாவிருக்கும். 1954-இல் நடந்தது இன்று நடந்தாலும், 19 பேரும் ஒன்றாய்ச் சென்றால், தடுப்பதற்கு நாதியில்லை. சட்டத்தால் அடைக்க முடியாத அவ்வாயிலில் காவல் நிற்க வேண்டியவன் தொண்டன்.

எவ்வாறு நிற்பது? வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நாளில், அவர் சாதி எத்தனை ஆயிரம் வாக்கு என்று கணக்கிடுமுன், ஊருக்கு அவர் கட்டியது என்ன என்று கேளுங்கள்: ஒரு படிப்பகமா, ஒரு சங்கமா, ஒரு பள்ளியா? கொடுத்த வாக்குறுதிகளைக் கிளையின் தீர்மானப் புத்தகத்திலே எழுதி வையுங்கள். வென்றவரை ஆறு திங்களுக்கு ஒருமுறை அழைத்து, மாலை போடுமுன் அப்புத்தகத்தை விரித்து வையுங்கள். அமைச்சரானால் மகிழுங்கள், கேள்வியை மட்டும் நிறுத்தாதீர்கள். அவர் விடை சொல்லத் தயங்கினால் அது அவருடைய குறை. நீங்கள் கேட்கத் தயங்கினாலோ அது உங்கள் குறை.

மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. மந்திரியின் ஆயுள் அதனினும் குறைவு. கிளையின் ஆயுளை முடிவு செய்பவர்கள் நீங்கள். பத்தொன்பது பேரை அனுப்பிய கடலூர் மண் மீண்டும் பத்தொன்பது பேரை அனுப்பக்கூடும். அன்று, அவர்களை வழியனுப்பிவிட்டு வீட்டுக்குச் செல்லாதீர்கள், தோழர்களே! கிளைக்குச் செல்லுங்கள்.