கணனிப் பக்கம்: கடைசிச் சுழி வரும்வரை பொறுங்கள்



ஹம்பேர்க் துறைமுகத்தில் கொள்கலன்கள் இறக்குவதை நாம் ஒருமுறையாவது பார்த்திருப்போம். ஒவ்வொன்றின் பாரமும் முன்னரே கடதாசியில் பதியப்பட்டிருக்கும். அந்தக் கணக்குப் பிழைத்தால் வரும் ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை. இணையத்திலும் இதே கதைதான்.

நாம் கேட்கும் பக்கத்தின் முழு நீளம் சிலவேளை அனுப்பும் கணனிக்கே முன்கூட்டித் தெரியாது. அதனால் 1997 இல் வெளியான எச்.ரி.ரி.பி 1.1 விதிகள், துண்டு துண்டாக அனுப்ப இடங்கொடுத்தன. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னே அதன் நீளம் ஒரு வரியில் வரும். அது பதினாறின் அடியில் எழுதிய எண். 10 என்றிருந்தால் பத்து அல்ல, 16 பைற். இறுதியில் 0 நீளமுள்ள துண்டு வந்தால்தான் எல்லாம் வந்து சேர்ந்ததென்று பொருள்.

டபிள்யூகெற் என்பது லினக்ஸ் கணனிகளில் கோப்புகளை இறக்கப் பயன்படும் இலவச மென்பொருள். அது துண்டுகளை வாசிக்கும் முறையில் 2017 இல் ஒரு வழு கண்டுபிடிக்கப்பட்டது. தேவையற்ற பதிலை வாசித்துத் தள்ளும் இடத்தில், ஒரே தடவையில் 512 பைற்றுக்கு மேல் வாசிக்கக் கூடாதென்று காவல் போட்டிருந்தார்கள். ஆனால் கெட்ட எண்ணத்துடன் ஒருவர் நீளத்தை மறை எண்ணாக அனுப்பினால்? மறை எண் 512 இலும் சிறியதுதானே! காவல் வழிவிட்டது. அடுத்த படியில் அந்த எண்ணின் ஒரு பகுதி வெட்டுப்பட, மிஞ்சியது பெரிய நேர் எண்ணாக மாறக்கூடியதாயிற்று. ஒதுக்கிய இடம் நிரம்பி வழிய, அந்நியர் எமது கணனிக்குள் நுழைய வழி பிறந்தது.

திருத்தமோ மிகச் சிறியது: நீளம் சுழியிலும் குறைந்தால் நிறுத்து. அதே ஆண்டு ஒக்ரோபரில் 1.19.2 பதிப்பு அதனுடன் வெளிவந்தது.

இதில் எமக்கு இரண்டு பாடங்கள். கணனி புதுப்பிக்கச் சொன்னால் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். இணையத்தில் இறக்கிய படிவத்தில் கையொப்பமிட முன், கடைசிப் பக்கமும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பு நடுவில் அறுந்தால் பாதிக் கோப்பும் சிலவேளை முழுக் கோப்புப் போலவே தோன்றும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். டொச் இன்னும் சரளமாக வரவில்லை, கணனித்துறையில் அவுஸ்பில்டுங் எமக்கெங்கே என்று தயங்காதீர்கள். இந்த மென்பொருளின் மூலநிரல் யாவரும் படிக்கத் திறந்தே இருக்கிறது. அந்தத் திருத்தத்தைப் புரிந்துகொள்ளக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.